கடலைக் காட்டில் கடல்

கேரளத்தில், பாலக்காட்டுப் பக்கத்து வடகரப்பதிக்குக் கிழக்கே, தமிழ்நாட்டு எல்லைக்கு இரண்டு காடு தள்ளி, முத்தாத்தாளுக்கு ஆறு ஏக்கர் மானாவாரிக் காடு இருந்தது. பட்டா என்னவோ அவள் கணவர் சென்னியப்பன் பெயரில்தான். ஆனால் எப்போது உழுவது, எதை விதைப்பது, யாரைக் கூலிக்குக் கூப்பிடுவது என்பதெல்லாம் முத்தாத்தாள் சொல்லித்தான் நடக்கும். சென்னியப்பன் நல்ல மனிதர். எதைச் சொல்வதானாலும் "அது வந்து..." என்று தொடங்குவார். மீதியை முத்தாத்தாள் சொல்லி முடித்துவிடுவாள். கல்யாணம் ஆன நாளிலிருந்து அவர் ஒரு வாக்கியத்தைக் கடைசி வரை சொல்லி யாரும் கேட்டதில்லை. கணவரை அவள் மரியாதையாகத்தான் பேசுவாள். கோபம் கூடக் கூட அந்த மரியாதையும் கூடிக்கொண்டே போகும்.

அவளுக்கு இருந்த ஒரே குறை கிணறு. அவள் மருமகளாக வந்த வருடம் மாமனார் காட்டில் கிணறு வெட்டினார். தண்ணீர் வந்தது, உப்பாக வந்தது. அதில் பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது, ஆடுகள் மட்டும் வேறு வழியில்லாமல் குடிக்கும். "மருமக காலெடுத்து வெச்ச ராசி" என்று மாமியார் ஒரு நாள் சொன்னார். ஊர் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது. மாமியார் காலத்துக்குப் பிறகு அந்தப் பேச்சைக் காப்பாற்றும் பொறுப்பைப் பக்கத்துக் காட்டுக் காளிச்சாமி, யாரும் கேட்காமலேயே, ஏற்றுக்கொண்டார். அவர் சென்னியப்பனுக்குப் பங்காளி, தம்பி முறை. "நங்கையா, உங்க கெணத்துத் தண்ணியில சாறு காச்சுனா உப்பு வாங்க வேண்டீதே இல்லீங்க" என்பார், அண்ணியைக் கேலி பேசும் உரிமையோடு. முத்தாத்தாள் எதற்கும் பதில் வைத்திருப்பவள். கிணற்றுக்கு மட்டும் அவளிடம் பதில் இல்லை.

1974ஆம் வருடம் ஆடியில் நிலக்கடலை போட்டார்கள். அந்த வருடம்தான் கிருஷி ஆபீஸ் என்கிற விவசாய ஆபீஸில் ஜிப்சம் என்று ஒரு வெள்ளைக் கல்லை மூட்டை மூட்டையாகக் கொடுத்தார்கள். பூப்பூக்கும் சமயத்தில் தூளாக்கித் தூவி மண் அணைத்தால் காய் பொக்கு விழாது என்றார்கள். மூட்டை வந்த வாரம் முத்தாத்தாள் மகளின் இரண்டாவது பிரசவத்துக்காக உடுமலைப்பேட்டை போய்விட்டாள். திரும்பி வந்ததும் காட்டைச் சுற்றிப் பார்த்தாள்.

"ஏனுங்க, ஜிப்சம் போட்டாச்சுங்களா?"

"அது வந்து..."

"போட்டாச்சு. செடியப் பாத்தாலே தெரியுதுங்களே."

சென்னியப்பன் தலையை ஆட்டினார்.

ஐப்பசியில் கடலை பறித்தார்கள். செடியைப் பிடுங்கி உதறிய மருதாத்தாள் என்ற கூலிக்காரி, "அய்யோ, தோட்டாங்க!" என்று கத்தினாள். கடலைக்கொத்தோடு ஒரு கல் வந்திருந்தது. விரல் நீளம், வழவழப்பு, தவிட்டு நிறம், ஒரு முனை கூர். பார்த்தால் துப்பாக்கிக் குண்டேதான். இன்னும் கொஞ்ச தூரத்தில் அதே மாதிரி இரண்டு. பிறகு முத்தாத்தாளே ஒன்றைக் கண்டெடுத்தாள். அது வேறு மாதிரி இருந்தது. கெடாய்க் கொம்பைப் போலச் சுருண்டு, வரிவரியாகப் புடைத்து, உள்ளங்கையில் அடங்கும் ஒரு கல். யாரோ உட்கார்ந்து செதுக்கியதைப் போல இருந்தது.

தோட்டா என்ற பேச்சு காளிச்சாமி வழியாக எல்லைச் சாவடி வரை போனது. மறுநாள் ஒரு போலீஸ்காரர் சைக்கிளில் வந்து இறங்கினார். கல்லை வாங்கிக் கட்டைச் சுவரில் தட்டிப் பார்த்தார். முகர்ந்து பார்த்தார்.

"உண்டை இருக்கு. தோக்கு எங்க?" என்றார் பாதி மலையாளத்தில்; குண்டு இருக்கிறது, துப்பாக்கி எங்கே என்று அர்த்தம்.

"உண்டையே கல்லா இருக்குதுங்க. தோக்கும் கல்லாத்தான் இருக்குமுங்க. காட்டுல நெறையாக் கல்லு கெடக்குது, எதுன்னு பாத்து எடுத்துக்கங்க" என்றாள் முத்தாத்தாள்.

அவர் காட்டை ஒரு முறை பார்த்துவிட்டு, ஒரு படி பச்சைக் கடலையை வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

சுருள் கல்லைப் பார்த்தவர்கள் அது சாளக்கிராமம் என்றார்கள். அப்படியானால் அதைச் சும்மா வீட்டில் வைத்திருக்கலாமா, பூசை செய்ய வேண்டுமா, கவுச்சி சமைக்கலாமா என்று முத்தாத்தாளுக்குக் கவலை வந்துவிட்டது. இதெல்லாம் தெரிந்தவர்கள் கல்பாத்தி அக்கிரகாரத்தில் இருப்பார்கள் என்று, கல்லைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு பஸ் ஏறினாள்.

அவள் கதவைத் தட்டிய வீடு ஜானகியம்மாளுடையது. அந்த அம்மாள் பாலக்காட்டில் ஒரு கல்லூரியில் விலங்கியல் கற்பிப்பவர். கல்யாணம் செய்துகொள்ளாதவர்; அண்ணன் குடும்பத்தோடு இருந்தார். கையில் காபி டம்ளரோடு வந்து கதவைத் திறந்தவர், துண்டை விரித்ததும் காபியை மறந்தார். காபி வாசற்படிக்குப் போனது.

"இது... இது எங்கேர்ந்து கிடைச்சது?"

"என்ற காட்டுலங்க. சாளக்கிராமந்தானுங்களே?"

"சாளக்கிராமமும் இந்த வம்சம்தான். முதல்லே உள்ளே வாங்கோ." ஜானகியம்மாள் கல்லை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். "இது கல்லில்லை கேட்டேளா. ஒரு பிராணி. கடல்லே இருந்தது. கணவாய்க்குத் தாயாதி."

"நம்ம வாளையார்க் கணவாய்க்குங்களா?"

"அந்தக் கணவாய் இல்லை. மீன்காரா விப்பாளே, பத்துக் கையோட, அந்தக் கணவாய். நானும் காலேஜ் பாட்டில்லேதான் பாத்திருக்கேன்." அவர் கல்லின் சுருளில் விரலை ஓட்டினார். "உள்ளே அறை அறையா இருக்கும். கடைசி அறையிலே அது குடியிருக்கும். வளர வளரப் புதுசா ஒரு அறை கட்டிண்டு, பழசை அடைச்சுடும்."

"அத்தனை ரூமையும் சும்மாவா போட்டு வெச்சிருக்கும்?"

"காத்தை அடைச்சு வெச்சிருக்கும். அதனாலேதான் மிதக்கும்."

ஜானகியம்மாள் பதினைந்து வருடமாக இந்தப் பிராணியைப் பற்றி வகுப்பில் பேசிக்கொண்டிருந்தார். கடலில் உயிர்கள் எப்படித் தோன்றி, எப்படி மாறி, எப்படி மறைந்தன என்பது அவருக்கு மனப்பாடம். ஆனால் கல்லூரி அலமாரியில் இருந்தது சாந்தில் வார்த்த ஒரு பொம்மை. அதற்கும் ஒரு பக்கம் பெயிண்ட் உரிந்திருந்தது. நிஜமான ஒன்றைக் கையில் வைத்துப் பார்ப்பது அவருக்கு அன்றைக்குத்தான் முதல் தடவை.

"உங்க காட்டிலே ஒரு காலத்துலே கடல் இருந்திருக்கு" என்றார்.

முத்தாத்தாளின் மனம் நேராகக் கிணற்றுக்குப் போயிருந்தது.

"டீச்சர், கடல் இருந்த எடம்னா, அங்க கெணறு வெட்டுனா, தண்ணி..."

"உப்பாத்தானே இருக்கும்" என்றார் ஜானகியம்மாள், கல்லிலிருந்து கண்ணை எடுக்காமல்.

முத்தாத்தாள் கூடத்துத் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "டீச்சர், அதைய எங்கூருக்கு வந்து ஒருவாட்டி சத்தமாச் சொல்லோணுங்க."

அந்தச் சனிக்கிழமையே ஜானகியம்மாள் குடையும் சுத்தியலும் ஒரு பை நிறையப் புத்தகமுமாக வந்து இறங்கினார். பிறகு ஏறக்குறைய எல்லாச் சனிக்கிழமையும் வந்தார். கயிறு கட்டி முளை அடித்து, காட்டைக் கட்டம் கட்டமாகப் பிரித்தார். கிடைத்த ஒவ்வொரு கல்லிலும் கறுப்பு மையால் சின்னதாக ஒரு எண் போட்டார். தோட்டா என்று நினைத்ததும் ஒரு கடல் பிராணியின் உடம்புக்குள் இருந்த ஓடுதான் என்று தெரிந்தது. முத்தாத்தாள் அவருக்குக் கம்மஞ்சோறும் மோரும் கொடுத்துவிட்டு, கூடவே குந்தி மண்ணைக் கிளறுவாள். எல்லாக் கல்லையும் டீச்சர் எதற்கு இவ்வளவு கவனமாக இடம் பார்த்துக் குறிக்கிறார் என்று கேட்டாள்.

"அதுதான் முக்கியம். கல்லு மட்டும் இருந்தா அது ஊமை. எந்த அடுக்கிலே, எதுக்குக் கீழே, எதுக்கு மேலே இருந்ததுன்னு தெரிஞ்சாத்தான் பேசும். கீழே இருக்கறது முன்னாடி வாழ்ந்தது. மேலே இருக்கறது பின்னாடி. அப்படி ஒண்ணு மேல ஒண்ணா வெச்சுப் பாத்துத்தான் எது எதுவா மாறித்துன்னு சொல்றோம்."

இந்தக் காட்டில் அடுக்கு என்று ஏதும் அகப்படவில்லை என்பதுதான் சங்கடம். ஒரு சாண் ஆழத்துக்குள் கல் கிடைக்கும். அதற்குக் கீழே தோண்டினால் வெறும் செம்மண், அப்புறம் கருங்கல் பாறை. அந்தப் பாறையில் எந்த உயிரின் சுவடும் இருக்க வழியில்லை, அது உலகத்தில் ஓடுள்ள பிராணியே இல்லாத காலத்துப் பாறை என்று ஜானகியம்மாளின் புத்தகங்களே சொல்லின. அவர் இரண்டு சனிக்கிழமை யோசித்தார். மூன்றாவது சனிக்கிழமை ஒரு தீர்மானத்தோடு வந்தார். மேற்குக் கடல் பாலக்காட்டுக் கணவாய் வழியாக உள்ளே வந்து வடகரப்பதி வரை தேங்கி நின்றிருக்கிறது. அது விட்டுப் போன படிவமெல்லாம் மழையில் கரைந்து போய், கடைசி ஒரு சாண் மட்டும் மிச்சம் இருக்கிறது.

"அப்ப அந்தக் கணவாயும் இந்தக் கணவாயும் ஒண்ணாத்தான் வந்திருக்குதுங்க" என்றாள் முத்தாத்தாள். டீச்சருக்கு அது ரொம்பப் பிடித்துப்போனது.

"அது வந்து..." என்றார் அங்கே நின்றுகொண்டிருந்த சென்னியப்பன்.

"அது வந்து கடலுங்க. டீச்சரே சொல்லிட்டாங்க, நீங்க சும்மா இருங்க."

கடல் செய்தி ஊரில் பரவியது. கிணற்றுப் பேச்சு நின்றது. ஒழலப்பதி ரோட்டில் இருந்த டீக்கடைக்காரர் கடைக்குக் 'கடற்கரை டீ ஸ்டால்' என்று போர்டு எழுதி வைத்தார். ஒருத்தருக்கு மட்டும் இதில் நிம்மதி போய்விட்டது. காளிச்சாமியின் காடு வரப்புக்கு அந்தப் பக்கம்தான்; அவர் பருத்தி போட்டிருந்தார். ஜானகியம்மாள் அங்கேயும் முளை அடித்துத் தேடிப் பார்த்தார். ஒரு கல் கூட இல்லை.

"அதெப்படீங்க டீச்சர்? கடல்னா வரப்பு பாத்தா நிக்கும்?" என்றார் காளிச்சாமி, அவமானப்பட்ட குரலில்.

நியாயமான கேள்வி. ஜானகியம்மாள் அதை நியாயமான கேள்வியாகவே எடுத்திருக்க வேண்டும். ஆனால் அவர் கையில் ஒரு கடல் இருந்தது. அதை விட மனமில்லை. "கரை இந்த வரப்புக்கு நேரா இருந்திருக்கலாம்" என்றார்.

அதாவது, காளிச்சாமியின் காடு கரையில் இருந்தது, கடலில் இல்லை. அவரால் அதைத் தாங்க முடியவில்லை. அடுத்த சனிக்கிழமை பஸ் நிற்கிற இடத்துக்கே வந்து டீச்சரைப் பிடித்துக்கொண்டார். "டீச்சர், என்ற காட்டுலயும் கடல் வந்துருச்சுங்க. வந்து பாருங்க." பருத்திக் காட்டின் நட்ட நடுவில், புதிதாகக் கிளறிய மண்ணில், ஒரு சுருள் கல் மேலாகவே உட்கார்ந்திருந்தது. ஜானகியம்மாள் குனிந்து எடுத்தார். திருப்பினார்.

"காளிச்சாமி, இதிலே பதினாலுன்னு எழுதியிருக்கே."

காளிச்சாமி கல்லைப் பார்த்தார். வானத்தைப் பார்த்தார். "பொறக்கையிலயே நெம்பரோட பொறந்திருக்குமுங்க" என்றார்.

முத்தாத்தாள் வீட்டு ஜன்னலில் காயப்போட்டிருந்த கல் அது. அவள் வாயை முந்தானையால் பொத்திக்கொண்டு சிரித்தாள். "எடுத்துட்டுப் போனதுதான் போனீங்க கொழுந்தனாரே, கழுவியாச்சும் வெச்சிருக்கலாமுங்களே" என்றாள்.

வருடம் திரும்பியது. ஜானகியம்மாள் சென்னையில் இருந்த ஒரு பெரிய நிலவியல் நிபுணருக்குக் கடிதம் எழுதினார். பாலக்காட்டில் கடல் என்றால் புத்தகங்களையே திருத்த வேண்டிவரும் என்று அவர் பதில் எழுதினார். ஆடி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நேரில் வந்து பார்ப்பதாகவும் சொல்லியிருந்தார். பஞ்சாயத்து ஆபீஸில் நாற்காலிகள் இரவல் கேட்கப்பட்டன. டீக்கடைக்காரர் போர்டுக்கு இன்னொரு கோட்டுப் பெயிண்ட் அடித்தார்.

அந்த ஞாயிற்றுக்கு முந்தின புதன்கிழமை, கிருஷி ஆபீஸிலிருந்து புது வருடத்து ஜிப்சம் வந்து இறங்கியது. இந்தத் தடவை முத்தாத்தாள் ஊரில் இருந்தாள். மூட்டையைப் பிரித்துக் கொட்டினாள். மண்ணும் வெள்ளைக் கட்டிகளுமாகச் சரிந்தது. தூளாக்க வேண்டுமே என்று சம்மட்டியை எடுத்து முதல் கட்டியில் ஒரு போடு போட்டாள். கட்டி இரண்டாகப் பிளந்தது. ஒரு பாதிக்குள் கெடாய்க் கொம்பு சுருண்டு படுத்திருந்தது.

முத்தாத்தாள் அடுத்த கட்டியை உடைத்தாள். ஒன்றுமில்லை. அதற்கடுத்ததில் ஒரு தோட்டா உருண்டு விழுந்தது. அவள் சம்மட்டியைக் கீழே வைத்தாள். மாட்டுக்குச் சோளத்தட்டு போட்டுக்கொண்டிருந்த கணவரைத் திரும்பிப் பார்த்தாள். அவர் மாட்டின் முதுகில் ஏதோ பூச்சியைத் தேடுவதுபோல் குனிந்துகொண்டார்.

"ஏனுங்க, கொஞ்சம் இப்பிடி வந்துட்டுப் போறீங்களா? உங்களுக்குக் கோடிப் புண்ணியமுங்க" என்றாள்.

இவ்வளவு மரியாதையைச் சென்னியப்பன் தன் வாழ்நாளில் கேட்டதில்லை. வந்து நின்றார்.

"போன வருசம் ஜிப்சத்தை நீங்கதானுங்களே போட்டீங்க? தூளாக்கித்தானுங்களே போட்டீங்க?"

"அது வந்து..." என்று சொல்லி நிறுத்தினார். பழக்கம் அப்படி. முத்தாத்தாள் ஒன்றும் சொல்லவில்லை. வேறு வழியில்லாமல் அவரே தொடர வேண்டியதாயிற்று.

"அது வந்து, ஒரு மூட்டை தூளாக்குனேன் புள்ள. கை காச்சுப்போச்சு. மீதியைய ரெண்டு மூணாத் தட்டி அப்பிடியே வீசி மண்ணணைச்சுட்டேன். நீ வந்து கேட்டப்பவே சொல்லோணும்னுதான் இருந்தேன், போட்டாச்சுன்னு நீயே சொல்லிப்போட்டே. அப்பறம் டீச்சர் வந்தாங்க. கடல்னாங்க. எனக்கு அன்னைக்கே சந்தேகந்தான். சொல்லலாம்னு வாயெடுத்தா நீ உடறதில்ல. அப்பறம் கெணத்துப் பேச்சும் நின்னுபோச்சா, உன்ற மொகத்துல ஒரு தெளிச்சல் வந்துச்சா, சரி, கடல் இருந்தா இருந்துட்டுப் போகட்டும்னு உட்டுட்டேன்."

கூலிக்கு வந்திருந்த மருதாத்தாள் கையில் எடுத்த முறத்தோடு வாயைப் பிளந்து நின்றாள். சென்னியப்பன் பேசியதில் இதுதான் பெரிய பேச்சு என்று அவள் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

முத்தாத்தாள் கிணற்றுக் கட்டையில் போய் உட்கார்ந்தாள். அந்தக் கட்டிகளைத் தூளாக்கி மண்ணோடு கலந்துவிட்டால் ஒருவருக்கும் தெரியாது. புருஷன் வாய் திறக்கப்போவதில்லை. ஞாயிற்றுக்கிழமை நிபுணர் வருவார், கடல் என்பார், கிணற்றுக் கணக்கு என்றைக்குமாகத் தீர்ந்துபோகும். இப்படி யோசித்துக்கொண்டிருந்தவளுக்கு, டீச்சர் வெயிலில் குந்தி ஒவ்வொரு கல்லுக்கும் இடம் குறித்தது கண்ணில் வந்தது. அந்த அம்மாளின் கடலை அந்தப் பெரிய மனிதர் வந்து எல்லார் எதிரிலும் உடைத்தால் எப்படி இருக்கும்? எழுந்து, கட்டியின் பாதியைத் துண்டில் கட்டினாள். மறுநாள் முதல் பஸ்ஸில் கல்பாத்தி போனாள்.

ஜானகியம்மாள் கட்டியைப் பார்த்தார். சுருளைத் தொட்டார். சுற்றி இருந்த வெள்ளையை நகத்தால் சுரண்டினார்.

"இது ஜிப்சம்னா?"

"ஆமாங்க."

"கடலைக் காட்டுக்கு மட்டும் போடறது."

"ஆமாங்க."

"பருத்திக்குப் போட மாட்டா."

"போட மாட்டோமுங்க."

"அதான் கடல் வரப்பைப் பாத்து நின்னுருக்கு!" ஜானகியம்மாள் நெற்றியில் அடித்துக்கொண்டார். அழப்போகிறார் என்று முத்தாத்தாள் பயந்தாள். ஆனால் அவர் சிரித்தார். சிரிப்பு அடங்கி மூக்கைத் துடைத்துக்கொண்டு, மறுபடி சிரித்தார். "காளிச்சாமி கேட்டார், பாத்தேளா? நம்ம எல்லாரிலும் வெச்சு அவர் ஒருத்தர்தான் சரியான கேள்வி கேட்டது. எடம் தெரியாத கல்லு ஊமைன்னு உங்ககிட்டே பிரசங்கம் பண்ணினேன். அது ஊமையாத்தான் இருந்தது; அதுக்குப் பதிலா நானே பேசிண்டிருந்திருக்கேன்."

"என்னைய மன்னிச்சுப்போடுங்க டீச்சர். எங்கூட்டுக்காரர் சோம்பேறித்தனத்துல..."

"அவரை ஒண்ணும் சொல்லாதேங்கோ. அவர் ஒழுங்காத் தூளாக்கியிருந்தா எனக்கு இது கையிலே கிடைச்சிருக்குமா?"

இரண்டு பேருமாகத் தந்தி ஆபீஸுக்கு ஓடினார்கள். நிபுணர் ரயில் ஏறிவிடுவதற்குள் செய்தி போக வேண்டும். ஜானகியம்மாள் சுருக்கமாக எழுதிக் கொடுத்தார்: கடல் ரத்து, வர வேண்டாம். தந்தி ஆபீஸ்காரர் அதை இரண்டு தடவை படித்தார்.

"ரத்துன்னா... கடலையா?"

"கடலைதான் காரணம். கடல்தான் ரத்து. அனுப்புங்கோ" என்றார் ஜானகியம்மாள்.

திரும்பும்போது முத்தாத்தாள் மெதுவாகக் கேட்டாள்: "அப்ப கெணறு?"

டீச்சர் நின்றார். இந்தத் தடவை யோசித்து, நிதானமாகச் சொன்னார். "உங்க பக்கம் மழை கம்மி. பாறையிலேர்ந்து ஊறற உப்பை அடிச்சுண்டு போறதுக்குத் தண்ணி போறாது. அப்படியே தங்கிடறது. அந்த லைன்லே வெட்டின கிணறெல்லாம் கொஞ்சம் உப்பாத்தான் இருக்கும். மருமகள் வந்தாளா, பேரன் வந்தானான்னு பாறைக்குத் தெரியுமா?"

"இதையும் ஒருவாட்டி சத்தமாச் சொல்லோணுங்களே."

ஞாயிற்றுக்கிழமை நிபுணர் வரவில்லை. ஊர் வந்திருந்தது. இரவல் நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு முன்னால் ஜானகியம்மாள் குடையை ஊன்றிக்கொண்டு நின்று, கடல் எப்படி மூட்டையில் வந்தது என்று ஒளிக்காமல் சொன்னார். அப்புறம் கிணற்றைப் பற்றியும் சொன்னார், தேவைக்கு மேலேயே சத்தமாக. கூட்டத்தில் கொஞ்ச நேரம் சிரிப்பு அடங்கவில்லை. அதில் நிஜமாகச் சந்தோஷப்பட்டவர் காளிச்சாமிதான். "அப்ப என்ற காட்டுலயும் கடல் இல்ல, உங்க காட்டுலயும் இல்லீங்க நங்கையா" என்று இரண்டு மூன்று தடவை சொன்னார். அவர் முகத்தில் அப்படி ஒரு சமாதானம். அன்றைக்குப் பிறகு அவர் கிணற்றைப் பற்றி வாய் திறக்கவில்லை. தன் கிணற்று நீரையும் நாக்கில் விட்டுப் பார்த்துக்கொண்டதாகக் கேள்வி. டீக்கடைக்காரர் மட்டும் போர்டை மாற்ற மறுத்துவிட்டார். பெயிண்ட் புதிது.

கூட்டம் கலைந்ததும் முத்தாத்தாள் காலி ஜிப்சம் சாக்கை எடுத்து வந்து டீச்சர் முன்னால் விரித்தாள். அதில் திருச்சிராப்பள்ளி என்று அச்சடித்திருந்தது.

"கடல் நம்ம ஊட்டுல இல்லைன்னா அங்கதானுங்களே இருக்கும்? போய்ப் பாத்துட்டு வந்துரலாமுங்களா?"

பறிப்பு முடிந்ததும் போனார்கள். முத்தாத்தாள், ஜானகியம்மாள், மூட்டை தூக்கச் சென்னியப்பன். திருச்சியில் பஸ் மாறி, பாடாலூரில் இறங்கி, ஊட்டத்தூர்ப் பக்கம் நடந்தார்கள். வயல்கள் முடிந்த இடத்தில் பூமி திடீரென்று ஓடை ஓடையாகக் கிழிந்து கிடந்தது. காவியும் சாம்பலுமாகக் களிமண் மேடுகள். அவற்றின் குறுக்கே வெள்ளை நரம்பாக ஜிப்சம் வெயிலில் மினுக்கியது. காலடியில் எல்லாம் தோட்டாக்கள் இறைந்து கிடந்தன. மண்சரிவில் பாதி வெளியே தெரிய, ஒரு சுருள். யாரும் எடுக்காதது, யாரும் எங்கிருந்தும் கொண்டுவராதது, இருந்த இடத்திலேயே இருந்தது.

ஜானகியம்மாள் அதன் பக்கத்தில் மண்ணில் உட்கார்ந்தார். அதைத் தொடவில்லை. சென்னியப்பன் குடையை விரித்து அவருக்குப் பிடித்துக்கொண்டு நின்றார்.

ஜிப்சம் குழியில் வேலை செய்துகொண்டிருந்த ராசம்மாள் என்ற பெண் கூடையோடு மேலே ஏறி வந்து இவர்களைப் பார்த்தாள். "இந்தக் கல்லைப் பாக்கவா அத்தனை தூரத்துலேருந்து வந்தீங்க? நாங்க பொறுக்கி வீசுறதும்மா இது. கண்ணுக்குத் தப்புனதுதான் மூட்டையில போவும்."

"தப்புனதுல ஒரு கடலே எங்கூருக்கு வந்துருச்சுங்க" என்றாள் முத்தாத்தாள்.

இரண்டு நாள் அங்கே இருந்து கிழக்கே அரியலூர் தாண்டிப் போனார்கள். அங்கே கிழக்கே போகப் போகப் புதிய அடுக்கு என்று டீச்சர் சொன்னார். முத்தாத்தாள் ஒவ்வொரு இடத்திலும் குனிந்து பார்த்தாள். முதலில் கெட்டியாகச் சுருண்டவை. அப்புறம் சில சுருள் அவிழ்ந்து குச்சி மாதிரி நீண்டவை. தோட்டாக்கள் வழியிலேயே குறைந்தன. சுருள்களின் ஓட்டின் மேல் கொத்தமல்லித் தழைபோல வெட்டு வெட்டான கோடுகள் இருந்தன. அறைச் சுவர் ஓட்டோடு சேரும் இடம் அது என்றார் டீச்சர். கிழக்குக் கோடியில் அந்த வம்சத்தில் ஒன்று கூட இல்லை. கோடு சாதாரணமாக இருக்கிற, மழமழவென்ற வேறொரு சுருள்தான் இருந்தது.

"இதோட வம்சம் இன்னும் கடல்லே உயிரோட இருக்கு" என்றார் ஜானகியம்மாள். "அத்தனை விதமா மாறின பங்காளியெல்லாம் போய்ட்டா. மாறாத இது இருக்கு."

"ஏனுங்க அப்பிடி?"

"தெரியாது. உலகத்துலே ஒருத்தருக்கும் தெரியாது." அதைச் சொல்லும்போது அந்த அம்மாளுக்கு இருந்த சந்தோஷத்தைப் பார்த்து முத்தாத்தாளுக்கு ஆச்சரியமாக இருந்தது.

பின்னால் ஜானகியம்மாள் ஒரு பத்திரிகையில் ஒரே ஒரு பக்கக் குறிப்பு எழுதினார். வயலில் புதைபடிவம் கிடைத்தால் அந்த வயலுக்கு என்ன உரம் போட்டார்கள் என்று முதலில் விசாரிக்க வேண்டும் என்பது அதன் சாரம். அவர் வாழ்நாளில் அச்சில் வந்த ஆராய்ச்சி அது ஒன்றுதான். கடைசி வரியில் முத்தாத்தாளுக்கும், குறிப்பாகச் சென்னியப்பனின் கைக் காய்ப்புக்கும் நன்றி சொல்லியிருந்தார்.

அது பிறகு நடந்தது. அன்றைக்கு அரியலூரில் ஊர் திரும்ப பஸ் ஏறியபோது, சென்னியப்பன் தலையில் ஒரு கூடை நிறையக் கல் இருந்தது. எந்த அடுக்கு, எந்த இடம் என்று ஒவ்வொன்றும் தனித்தனியே துணியில் சுற்றியிருந்தது. கண்டக்டர் படியிலேயே மறித்தார்.

"என்னம்மா கூடையில? கல்லா? கல்லெல்லாம் ஏத்த முடியாது."

"கல்லில்லீங்க. பிராணி" என்றாள் முத்தாத்தாள்.

"பிராணின்னா சுத்தமா ஏத்த முடியாது."

"செத்துப்போச்சுங்க."

கண்டக்டர் ஒரு அடி பின்னால் போனார். "எப்ப செத்துச்சு?"

முத்தாத்தாள் டீச்சரைப் பார்த்தாள். ஜானகியம்மாள் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, மனதுக்குள் கணக்குப் பார்த்து, தப்பாகச் சொல்லிவிடக் கூடாதே என்ற கவனத்தோடு சொன்னார்: "அடியிலே இருக்கறது பத்துக் கோடி வருஷம் இருக்கும். மேலே இருக்கறது ஒரு ஆறரைக் கோடி."

கண்டக்டர் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தார். குனிந்து கூடையை முகர்ந்தார்.

"நாத்தம் ஒண்ணும் வரலை. சரி, ஏறுங்க" என்று விசிலை ஊதினார்.